சம்பந்திக்குக் காலில் அடி

மார்ச் 4

தையற்காரிக்கு,

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நீ போன பிறகு நானும் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை, அது பாட்டுக்கு இருந்திருக்கும். ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால் நாளைக்கு நீ என்னைத்தான் பிடித்துக்கொள்வாய். சம்பந்திக்குக் காலில் அடி.

முந்தாநாள் காலை புழு போடத் தொட்டி மூடியைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து ஆபீஸிலிருந்து போன். ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள் என்று. மூடியை வைத்தேன், மேலே பாரம் வைக்கவில்லை. முன்பு பாரமாக இருந்தது உன் பழைய இஸ்திரிப்பெட்டி. அதை நீ எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அதற்குப் பிறகு என் டூல் பையைத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அது என் தோளில் இருந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

மத்தியானம் வந்து பார்த்தால் தொட்டியில் தண்ணீர் மட்டும் இருக்கிறது. ஒரு நீர்த்தவளை எவ்வளவு தூரம் போய்விடும் என்று முதலில் அலட்சியமாகத்தான் தேடினேன். கட்டிலுக்கு அடியில் இல்லை. செருப்பு அலமாரியில் இல்லை. பாத்ரூமில் இல்லை. அப்புறம் ஒவ்வொரு சாமானாக நகர்த்திப் பார்த்தேன். கடைசியில் உன் தையல் மிஷினுக்கு அடியில், சுவரோரம். உடம்பெல்லாம் தூசியும் துணித் துணுக்குமாக இருந்ததில் உன் ஊசி குத்திவைக்கும் மெத்தை என்று நினைத்துத் தள்ளிவிடப் பார்த்தேன். இடது பின்னங்காலில் நூல் சுற்றி இறுகியிருந்தது. பச்சை நூல். விடுவித்துக்கொள்ள இழுத்து இழுத்து இன்னும் இறுக்கிக்கொண்டிருக்கிறது.

கையை நனைத்துக்கொண்டு தூக்கி, தொட்டித் தண்ணீரையே ஒரு கிண்ணத்தில் மொண்டு அதில் விட்டேன். உன் நூல் வெட்டும் கத்தரி மிஷின் இழுப்பறையில் இருந்தது. பத்தாவது மாடி உயரத்தில் கம்பிவடத்துக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்பவன் நான். இந்த ஒரு நூலை வெட்ட அரை மணி நேரம் ஆனது. நூல் வந்துவிட்டது. கால் வீங்கியிருக்கிறது, நடுவிரல் கறுத்திருக்கிறது. அடியிலேயே கிடக்கிறது, மூச்சுக்கு மட்டும் மேலே வருகிறது.

என்ன செய்ய வேண்டும் என்று எழுது. அதைக் கொண்டு வந்தவள் நீ, பேர் வைத்தவளும் நீ. தீக்காயத்துக்குப் போடும் களிம்பு இருக்கிறது. போடலாமா?

வீட்டிலிருப்பவன்


மார்ச் 8

வீட்டிலிருப்பவருக்கு,

களிம்பைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் கடிதம் வந்ததும் கை போனுக்குத்தான் போனது. பிறகு யோசித்துப் பார்த்தேன். நான் "மூடியை ஏன் சரியா வைக்கல" என்பேன். நீங்கள் "இஸ்திரிப்பெட்டிய நீதானே எடுத்துட்டுப் போனே" என்பீர்கள். நான் "அது எங்கம்மா வாங்கிக் கொடுத்தது" என்பேன். நாம் இப்படி எங்கம்மா உங்கம்மா என்று போய் முடிவதற்குள் தவளை செத்தே போயிருக்கும். அதனால் மீன்தொட்டிக் கடைக்காரருக்குப் போன் செய்து, உங்களை நேரில் பார்த்து விலங்கு டாக்டர் விலாசத்தைக் கொடுத்துவிட்டு வரச் சொன்னேன். வந்திருப்பார். வந்தவருக்கு ஒரு டீயாவது கொடுத்தீர்களா?

நான் இங்கே வந்த நாளிலிருந்து அதன் மூஞ்சி எனக்குக் கனவில் வருகிறது. கல்யாண வீட்டில் யாரும் "வாங்க" என்று கூப்பிடாததால் மூலையில் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சம்பந்தி மூஞ்சி. கட்டைவிரல் அளவுக்கு இருந்தபோதே அதே மூஞ்சிதான். நம் வீட்டில் கல்யாணம் பண்ணிக் கொடுக்கப் பிள்ளை இல்லாவிட்டாலும் சம்பந்திக்குக் குறைவில்லை என்று என் அக்காவிடம் நான் சொல்லிச் சிரித்தபோது நீங்கள் எழுந்து வெளியே போனீர்கள். பிறகு ஒருநாள் நீங்களே தொட்டிக்கு முன்னால் நின்று "என்ன சம்பந்தி, சாப்பாடு சரியில்லையா" என்று கேட்டதை நான் சமையலறையிலிருந்து கேட்டேன். இதுவரை சொன்னதில்லை.

டாக்டர் சொல்வதற்கு மேலே என் யோசனையும் வைத்துக்கொள்ளுங்கள். துணி ஊறவைக்கும் நீல டப்பில் விடுங்கள். அதில் சோப்பு வாசனை கொஞ்சமும் இருக்கக் கூடாது. தண்ணீர் ஆழம் குறைவாக இருக்கட்டும், காலை உதைக்காமல் மூக்கை மேலே நீட்டி மூச்சு விட முடிய வேண்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றிவிடாதீர்கள், மருந்து வாசனை போக முந்தின நாளே பிடித்து வையுங்கள், போகிறதா என்று கடைக்காரரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். உலர்ந்த கையால் தொடக் கூடாது. அது சாப்பிடவில்லை என்றால் பதறி வாயில் திணிக்காதீர்கள். அதற்கு நாக்கே கிடையாது, இரண்டு கையாலும் தானே அள்ளித் திணித்துக்கொள்ளும், பார்த்திருக்கிறீர்கள்தானே.

ஒன்று கேட்கிறேன். என் மிஷினுக்கு அடியில் அவ்வளவு தூசியும் நூலும் எப்படி? நான் வந்து மாதக்கணக்கு ஆகிறது. நீங்கள் துடைப்பத்தையே தொடாதவரும் இல்லை. வீட்டில் மற்ற இடத்தையெல்லாம் கூட்டிவிட்டு அதை மட்டும் விட்டீர்களா? என் மேல் உள்ள கோபத்தைத் துடைப்பத்திடம் காட்டினால் தவளைதான் அனுபவிக்கும்.

உடனே எழுதுங்கள்.

தையற்காரி


மார்ச் 14

தையற்காரிக்கு,

கடைக்காரர் வந்தார். டீ கொடுத்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன், குடித்துவிட்டார்.

டாக்டரிடம் போனோம். சின்ன வயதுப் பெண். காத்திருந்தவர்கள் எல்லோரும் நாயும் பூனையுமாக உட்கார்ந்திருந்தார்கள், நான் மட்டும் மடியில் மூடி போட்ட வாளியோடு. பக்கத்தில் இருந்த அம்மாள் மீன் என்று நினைத்துக்கொண்டு, "பாவம், நீந்தமாட்டேங்குதா" என்று கேட்டாள்.

உள்ளே டாக்டரம்மா எழுதிக்கொண்டே கேட்டார். "என்ன பிராணி?"

"நீர்த்தவளை."

"பேரு?"

"சம்பந்தி."

அவர் சிரிக்கவில்லை. அப்படியே எழுதிக்கொண்டார். "நீங்கதான் வளக்கறீங்களா?"

"என் வீட்டுக்காரி."

"அவங்க வரலையா?"

"வெளியூர்ல வேலை."

"எப்ப வருவாங்க?"

"ஒரு நாளைக்கு எவ்வளவு புழு போடலாம்னு நீங்க சொல்லவே இல்லையே" என்று கேட்டேன்.

நடுவிரல் போய்விடும் என்றார். மற்ற நாலும் பிழைக்கும். களிம்பைப் பற்றிச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அது தோலாலதான் தண்ணி குடிக்குது. நீங்க மேல தடவறது எல்லாம் உள்ள போயிடும்" என்றார். தண்ணீரில் கலக்க ஒரு மருந்து கொடுத்தார். தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும், அதே சூடு இருக்க வேண்டும், வெளிச்சமும் சத்தமும் கூடாது. டப்பைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். மேலே வலை போட்டு நாலு பக்கமும் போல்ட் வைத்திருக்கிறேன். இனிமேல் அது வெளியே வர வேண்டுமென்றால் ஸ்பேனர் வேண்டும்.

நேற்று காலை டப்பைப் பார்த்தால் அதன் உடம்பிலிருந்து கண்ணாடித் தாள் மாதிரி ஏதோ தொங்குகிறது. தோல். சட்டையைக் கழற்றுவது போல் மொத்தமாகக் கழற்றுகிறது. மருந்து அதிகமாகிவிட்டது என்று நினைத்து, வேலைக்குப் போகாமல் டாக்டரம்மாவிடம் ஓடினேன். தோல் உரிக்கும், உரித்ததைத் தின்னும், அது நல்லதுதான் என்றார். திரும்பி வந்தபோது தின்று முடித்துவிட்டு என்னைப் பார்த்தது. சம்பந்திப் பார்வை.

உன் தூசிக் கேள்விக்குப் பிறகு பதில் சொல்கிறேன்.

இப்போது எனக்குக் காலை ஷிஃப்ட் ஆகிவிட்டது. நீ இருந்தபோது கேட்டுக் கேட்டுக் கிடைக்காதது. இப்போது சாயங்காலம் முழுக்க வீட்டில்தான் இருக்கிறேன். என்ன செய்வதென்று தெரியவில்லை.

வீட்டிலிருப்பவன்


மார்ச் 20

வீட்டிலிருப்பவருக்கு,

போல்ட் போட்ட டப்பை நினைத்து வேலை நேரத்தில் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைப் பெண் என்ன என்று கேட்டாள். "எங்க வீட்டுக்காரர் தவளைக்கு ஜெயில் கட்டியிருக்காரு" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன்.

இங்கே என் நாள் எப்படிப் போகிறதென்று நீங்கள் கேட்கவே இல்லை, நானே சொல்கிறேன். துணியை ஒன்றன்மேல் ஒன்றாக முழ உயரத்துக்கு விரிப்பார்கள். நான் மேலே அளவுக் கோடு போடுவேன், மிஷின் கத்தியால் ஒரே வெட்டு. கோடு நூலிழை பிசகினால் அத்தனை சட்டையும் போச்சு. வீட்டில் ஒரு ரவிக்கை வெட்டும்போது இருக்கும் பயம், இங்கே மொத்தமாக இருக்கிறது. ஆனால் எனக்கு இது பிடித்திருக்கிறது. இதை உங்களிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஏதோ தப்புச் செய்த மாதிரி. பிடித்திருக்கிறது.

ரூமில் என்னோடு இருப்பவள் பொத்தான் பிரிவில் வேலை செய்கிறாள். நல்லவள், படுத்ததும் குறட்டை. ஜன்னலைத் திறந்தால் பஸ்கள் கழுவும் இடம். இந்தக் கட்டடத்து லிஃப்ட் மூன்றாவது மாடியில் ஒரு விரற்கடை கீழே போய் நிற்கிறது. தினமும் தடுக்குகிறது. தினமும் உங்களை நினைக்கிறேன். திட்டுவதற்குத்தான் நினைக்கிறேன் என்று முதலில் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என்னுடைய ஒரு வருஷம் முடியப் போகிறது. கட்டிங் பிரிவை முழுசாக என்னிடம் கொடுக்கிறேன் என்கிறார் மேனேஜர். இருப்பதானால் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். ஏப்ரல் இருபதுக்குள் சொல்ல வேண்டும். போட்டுவிட்டால் நடுவில் விட்டு வர முடியாது, எனக்குக் கீழே ஆட்களை எடுத்துவிடுவார்கள்.

கிளம்பின அன்றைக்கும் நான் இதையேதான் கேட்டேன். "ஒரு வார்த்தை சொல்லுங்க, போகல" என்றேன். நீங்கள் "உன் இஷ்டம்" என்றீர்கள். என் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று மாடியும் இறங்கினீர்கள், ஊருக்கெல்லாம் லிஃப்ட் சரி செய்கிறவர், வீட்டில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில். பஸ் கிளம்புகிறவரை பெட்டியின் கைப்பிடி சரியாக இருக்கிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் தடவையும் கேட்கிறேன். நான் என்ன செய்யட்டும்?

தையற்காரி


மார்ச் 26

தையற்காரிக்கு,

லிஃப்ட் கீழே போய் நிற்பதற்குப் பெரும்பாலும் பிரேக் தேய்மானம்தான் காரணம். அங்கே இருப்பவர்களிடம் சொல். கால் தடுக்கினால் விளையாட்டில்லை, கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கு.

சம்பந்திக்குக் காயம் இன்னும் ஆறவில்லை. கறுத்த விரல் விழுந்துவிட்டது. விழுந்த இடம் கொஞ்சம் சிவப்பாகவே இருக்கிறது. இன்னும் நாளாகும் போலிருக்கிறது. புழு சாப்பிடுகிறது, ஆனால் பழைய சுறுசுறுப்பு இல்லை. வேறு என்ன செய்யலாம் என்று எழுது. தண்ணீர் மாற்றும்போது அதை எங்கே வைப்பது, எவ்வளவு நேரம் வைக்கலாம், அதையும் எழுது.

கையெழுத்து விஷயம். உனக்கு வேலை பிடித்திருக்கிறது என்கிறாய். பிடித்த வேலையை விடச் சொல்ல நான் யார். உன் இஷ்டம்.

வீட்டிலிருப்பவன்


ஏப்ரல் 1

வீட்டிலிருப்பவருக்கு,

தண்ணீர் மாற்றும்போது பழைய தண்ணீரோடு ஒரு கிண்ணத்தில் விட்டு மூடி வையுங்கள். சிவப்பு குறையாவிட்டால் டாக்டரிடம் மறுபடி காட்டுங்கள், என்னிடம் கேட்டால் நான் இங்கேயிருந்து என்ன பார்க்க முடியும்.

அந்த இரண்டு வார்த்தையை எழுத உங்களுக்கு எப்படி மனசு வருகிறதோ. பெரிய மனசு பண்ணி எனக்கு விட்டுக்கொடுப்பதாக நினைப்பு. கதவைச் சாத்திவிட்டுச் சாவி உன்னிடம்தானே இருக்கிறது என்று சொல்வது அது.

வேறு எழுத ஒன்றுமில்லை.

தையற்காரி


ஏப்ரல் 8

தையற்காரிக்கு,

கோபத்தில் எழுதினாலும் தண்ணீருக்குப் பதில் எழுதியிருந்தாய். அதைப் பார்த்துக் கொஞ்சம் தைரியம் வந்தது.

தூசிக் கேள்விக்குப் பதில். வீடு முழுக்கக் கூட்டுகிறேன், துடைக்கிறேன். உன் மிஷினுக்கு அடியில் மட்டும் கூட்டவில்லை. நீ கிளம்புவதற்கு முதல் நாள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பச்சை நிறத்தில் ஏதோ தைத்து முடித்தாய். துணுக்கெல்லாம் கீழே கிடந்தது. அடுத்த நாள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனேன். கூட்டினால் நீ போனது நிஜமாகிவிடும் போல் இருந்தது. அப்படியே திரும்பி வந்துவிட்டேன். கோபம் இல்லை. நீ நினைப்பது மாதிரி இல்லை. அது இப்படித் தவளைக் காலில் போய்ச் சுற்றும் என்று யாருக்குத் தெரியும்.

இப்போது கூட்டிவிட்டேன். கூட்டிவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சம்பந்தி டப்பில்தான் இருக்கிறது. காயம் அப்படியேதான். நீ சொன்னதெல்லாம் செய்கிறேன், தொடர்ந்து சொல்லிக்கொண்டே இரு.

வேறொரு தொந்தரவு. தொட்டி பம்ப் கெட்டுவிட்டது போலிருக்கிறது. சாயங்காலம் விளக்கை அணைத்ததும் ஒரு சத்தம். டிக் டிக் டிக் என்று கொஞ்ச நேரம், பிறகு கரகரவென்று ஒரு இழுப்பு, பிறகு நின்றுவிடும். ரிலே சுவிட்ச் ஒட்டாமல் துடித்தால் லிஃப்ட் பேனலில் இப்படித்தான் கேட்கும். பம்பைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். சத்தம் போகவில்லை. வாஷர் மாற்றினேன். போகவில்லை. சுவிட்சையே அணைத்துப் பார்த்தேன், அப்போதும் வருகிறது. ஃபிரிட்ஜோ என்று அதன் பிளக்கையும் பிடுங்கினேன், பால் கெட்டதுதான் மிச்சம். விளக்கைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் போனால் நின்றுவிடுகிறது. இத்தனை வருஷத்தில் நான் கண்டுபிடிக்க முடியாத சத்தம் எந்தக் கட்டடத்திலும் இருந்ததில்லை. நீ இங்கே இருந்தபோது இந்தச் சத்தம் வந்ததா?

வீட்டிலிருப்பவன்


ஏப்ரல் 13

என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தைப் பஸ் கழுவும் இடத்தைப் பார்த்துக்கொண்டு ஜன்னலோரம் நின்று படித்தேன். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தேன் என்கிற இடத்தில் நிறுத்திவிட்டேன். குறட்டைக்காரி எழுந்து விளக்கைப் போட்டு, "ஏன் அழறே, வீட்ல ஏதாவதா?" என்று கேட்டாள். "வீடு கூட்டினாராம்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

இப்போது உங்கள் சத்தத்துக்கு வருகிறேன்.

தவளை டப்பில் இருக்கிறது என்கிறீர்கள், டப் கட்டிலுக்கு அடியில். அப்படியானால் ஆளில்லாத தொட்டிக்குப் பம்ப் எதற்கு ஓடுகிறது? சுவிட்சை அணைத்தும் தொட்டியிலிருந்து சத்தம் வருகிறதென்றால் உள்ளே யார் இருக்கிறார்கள்?

மெக்கானிக் ஐயா, அது ரிலே இல்லை. அது சம்பந்தி. நீங்கள் அதை ஊமை என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள், ஏனென்றால் இத்தனை வருஷமும் உங்களுக்குச் சாயங்கால ஷிஃப்ட். விளக்கை அணைத்துவிட்டு நான் தனியாக உங்களுக்காகக் காத்திருக்கும்போது அது எனக்குத் தினமும் கேட்ட சத்தம். சம்பந்தி ஆண். பெண்ணைக் கூப்பிடுகிறது. தண்ணீருக்குள் இருந்துகொண்டே, வாயைத் திறக்காமலேயே கூப்பிடும். உடம்புக்கு முடியாதது இப்படி விடாமல் கூப்பிடாது என்று கடைக்காரர் எனக்கு முன்பே சொல்லியிருக்கிறார். அதற்குக் காயம் ஆறித் தொட்டிக்குப் போய் எத்தனை நாளாகிறது? எதற்காக எனக்கு இன்னும் சிவப்பு, இன்னும் சிவப்பு என்று எழுதினீர்கள்?

எதற்கென்று எனக்குத் தெரியும். காயம் ஆறிவிட்டால் எனக்கு எழுத உங்களுக்குக் காரணம் இருக்காது. அதனால் பாவம் அதை நோயாளியாகவே வைத்திருந்தீர்கள். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. எத்தனை வயதானாலும் ஒரு பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவரைக் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று சிரிப்புத்தான் வந்தது.

வாயைத் திறக்காமல் கூப்பிடுகிற ஆள் அந்த வீட்டில் இரண்டு பேர். பெட்டியைச் சுமந்ததும் கூட்டாமல் விட்டதும் தவளைக்குக் காயம் ஆறாததும் எல்லாம் கூப்பிடுவதுதான் என்று எனக்குப் புரிகிறது. புரிந்தால் மட்டும் போதவில்லை. நானாகவே புரிந்துகொண்டு நானாகவே வந்து நின்றால், பிறகு ஆயுசுக்கும் நானாக வந்தவளாகத்தான் இருப்பேன். எனக்கு உங்கள் வாயால் கேட்க வேண்டும். இருபதாம் தேதி கடைசி நாள்.

தையற்காரி


ஏப்ரல் 18

என் தையற்காரிக்கு,

நேற்று உன் கடிதம் வந்தது. நாலு தாள் கிழித்துவிட்டேன், இது ஐந்தாவது.

நீ சொன்னதெல்லாம் சரி. டாக்டரம்மா மார்ச் இருபத்தைந்தாம் தேதியே "நல்லா ஆறிடுச்சு, தொட்டிக்கு மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டார். மாற்றிவிட்டு வந்து உனக்கு எழுத உட்கார்ந்தேன். ஆறிவிட்டது என்று எழுதினால் அடுத்த வரி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஆறவில்லை என்று எழுதினேன். அடுத்த வரிகள் தானாக வந்தன.

போக வேண்டாம் என்று அன்றைக்குச் சொல்லாததற்குக் காரணம் கோபம் இல்லை. நான் சொல்லி நீ நின்றுவிட்டால், வாழ்நாள் முழுக்க என்னால்தான் போகவில்லை என்று உனக்குள் இருக்குமே என்று பயந்தேன். சொல்லியும் நீ போய்விட்டால் என்ன செய்வது என்றும் பயந்தேன். இரண்டாவது பயம்தான் பெரியது.

இப்போது சொல்கிறேன். வந்துவிடு. வீட்டில் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது, எனக்கு மட்டும் எதுவும் சரியில்லை. சாப்பிடும்போது எதிர் நாற்காலியைப் பார்க்காமல் இருக்க நின்றுகொண்டே சாப்பிடுகிறேன். நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை. வந்துவிடு.

இது இருபதாம் தேதிக்குள் வந்து சேருமா என்று தெரியவில்லை. நாளைக்குப் போன் செய்கிறேன்.

உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 20

வீட்டிலிருப்பவருக்கு,

நேற்று போன் செய்தீர்கள். மிஷின் சத்தத்தில் கேட்காதென்று மாடிப்படிக்கு ஓடி வந்து எடுத்தேன்.

"சாப்டியா?" என்றீர்கள்.

"சாப்டேன். நீங்க?"

"ம்."

அதற்குப் பிறகு நான் ஒன்றும் பேசவில்லை. உங்களுக்கு இடம் விட்டேன். மூச்சு விடுவது கேட்டது. தொண்டையைச் சரி செய்துகொண்டது கேட்டது. கடைசியில் "சரி, வச்சிடறேன்" என்றீர்கள்.

இன்று காலை கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டு வருஷம். எனக்குக் கீழே மூன்று பெண்களைப் போட்டிருக்கிறார்கள், கத்தி பிடிக்க இன்று மத்தியானமே சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன்.

சம்பந்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தையற்காரி


ஏப்ரல் 23

உங்கள் பதினெட்டாம் தேதிக் கடிதம் நேற்று வந்தது.

மூன்று தடவை படித்தேன். இனி நான் என்ன செய்வேன். கொடுத்த வார்த்தையை எடுக்க முடியாது, அந்தப் பெண்கள் வேறு வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். மேனேஜரிடம் போய் நின்றேன், வாயைத் திறக்காமலே திரும்பி வந்துவிட்டேன். உங்களோடு இருந்து இருந்து எனக்கும் அதே வியாதி.

மூன்று நாள் முன்னால் வந்திருக்கக் கூடாதா இந்தக் கடிதம்.


ஏப்ரல் 28

என் தையற்காரிக்கு,

அழாதே. அழுதிருப்பாய் என்று தெரியும்.

அன்றைக்குப் போனில் சொல்லத்தான் எடுத்தேன். கையில் எழுதிக்கூட வைத்திருந்தேன். உன் குரலைக் கேட்டதும் எல்லாம் மறந்து, சாப்பிட்டாயா என்று வாய் கேட்டுவிட்டது. பிறகு நீ கையெழுத்துப் போட்டுவிட்டாய் என்ற கடிதம் வந்தது, என் கடிதம் அதற்குப் பிறகுதான் உனக்குக் கிடைத்திருக்கும் என்று நினைத்து இரண்டு நாள் வேலையே ஓடவில்லை. ஒரு பேனலைத் தலைகீழாக மாட்டினேன்.

மூன்றாவது நாள் ஒன்று தோன்றியது. இத்தனை நாளும் "நீ வருவாயா, வரமாட்டாயா" என்றே என் புத்தி சுற்றிக்கொண்டிருந்தது. நான் போகலாம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. உனக்கும் தோன்றவில்லை, அதை ஒரு கடிதத்திலும் நீ கேட்கவில்லை. வீடு என்றால் அசையாது, பெண்தான் போகவும் வரவும் வேண்டும் என்று இரண்டு பேருமே எங்கோ பிடித்துவைத்திருக்கிறோம்.

ஆபீஸில் கேட்டேன். உன் ஊரில் கிளை இருக்கிறது, ஆள் குறைவு, மாற்றிக் கொடுக்கிறேன் என்றார்கள். திரும்பவும் சாயங்கால ஷிஃப்ட்தான், முகம் கோணாதே. சீனியர் பதவி போய்விடும். போகட்டும். என்னைக் கேட்ட அதிகாரி "உங்க வொய்ஃப் கூப்பிட்டாங்களா?" என்றார். "இல்ல சார், நானாத்தான் போறேன்" என்றேன். சொன்னதும் நெஞ்சு லேசானது.

வீட்டு ஓனரிடம் காலி செய்வதாகச் சொல்லிவிட்டேன். தையல் மிஷினைக் கழற்றிக் கட்டியாகிவிட்டது. டாக்டரம்மா பயணத்துக்கு வழி சொன்னார். மூடியில் துளை போட்ட வாளி, கால் பங்கு தண்ணீர், மேலே ஈரத்துணி, முதல் நாள் சாப்பாடு இல்லை. சம்பந்திக்கு இப்போது இடது பின்னங்காலில் நாலு விரல்தான், ஆனால் நீந்தும்போது தெரியவில்லை.

ரூமில் உன்னோடு இன்னொரு பெண் இருக்கிறாள் என்று தெரியும். வேறு ஒரு ரூம் பார்க்க வேண்டும். நான் வரலாமா?

உன் வீட்டுக்காரன்


மே 3

என்னங்க,

வரலாமா என்று ஒரு கேள்வியா? வாங்க. வாங்க, வாங்க. உங்கள் சம்பந்தியையும் வரவேற்காமல் விட்டேன் என்று பேச்சு வேண்டாம், அவரையும் வரச் சொல்லுங்கள்.

இன்றைக்குச் சாயங்காலம் மூன்று இடம் பார்த்தேன். ஒன்றில் ஜன்னல் இல்லை. ஒன்றில் வீட்டுக்காரம்மா "தவளையா, அய்யய்யோ" என்று கதவைச் சாத்திவிட்டாள். மூன்றாவது தரைத்தளம், சின்ன அறை, சமையலுக்கு ஒரு மூலை. சுவரோரம் தொட்டி வைக்கலாம், வெயில் படாது. மிஷினை எங்கே போடுவது என்று நின்று நின்று யோசித்துவிட்டு வந்தேன். முன்பணம் பேசிவிட்டேன். நீங்கள் பார்த்துக் குறை சொல்வீர்கள், சொல்லுங்கள்.

நானாகத்தான் போகிறேன் என்று உங்கள் அதிகாரியிடம் சொன்னீர்களே, அதை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள்.

எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும். எழுதுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். இந்த வயதில் பஸ் ஸ்டாண்டில் எல்லோர் முன்னாலும் அழுது மானத்தை வாங்கப் போகிறேன், தயாராக வாருங்கள்.

இந்தக் கடிதம் வந்ததும் போன் செய்யுங்கள். நீங்கள் எதுவும் பேச வேண்டாம். நான் பேசுகிறேன், நீங்கள் "ம்" கொட்டினால் போதும்.